பெயர் வரும் இடம்

பியூஸ் அவருடைய உள்ளங்கையில் இருந்தது. இருந்தும், வேனின் பின்னிருக்கைக்கு அடியில் திருகிவைத்திருந்த ஒலிபெருக்கிப் பெட்டியான அம்பின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கலீலுர் றஹ்மான் ஹாஜியார் பியூஸை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பார்த்தார். கம்பி அறவில்லை. துறைமுகப் பக்கமிருந்து ஏறிவந்த மழைமேகம் நண்பகல் லுஹர் முடிந்த நேரத்தையே அந்தி மஃரிபாக்கி, ஒழுங்கை முழுவதும் எண்ணெயும் உப்பும் கலந்த ஈரவாடையைப் பரப்பியிருந்தது. வேனின் கூரையில் கட்டிய இரண்டு ஹோர்ன் ஸ்பீக்கர்களிலிருந்தும், யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சுவிடுவதுபோல ஒரு மெல்லிய இரைச்சல் விடாமல் வந்துகொண்டிருந்தது.

பள்ளிவாசலுக்காக ஊரில் ஜனாஸா, அதாவது மரணச் செய்தி, அறிவிப்பது அவருடைய வாப்பா காலத்திலிருந்தே இந்த வீட்டின் உரிமை. இந்த வீட்டுக் குரல் ஒரு பெயரைச் சொன்னால் ஊர் யாரிடமும் விசாரிப்பதில்லை. கடைக் கதவை இழுத்துவிட்டு, இறந்தவரின் உடலான மையித்தைச் சுமக்கும் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே அந்த வாசலுக்குப் போகும். இன்று காலை, அடுத்த தெருவில் இறந்துபோன ஸுல்பிகாவின் மவுத்தை அறிவிக்கப் போனபோதோ, பெயர் வரும் இடத்தில் மட்டும் சத்தம் அறுந்தது. ஒவ்வொரு சந்தியிலும். சிலர் சிரித்தார்கள்.

தங்கை மகன் றிகாஸ் கேற்றுக்கு வெளியே நின்றபடியே சொன்னான்.

"மாமா, பள்ளி நிர்வாகத்தில முடிவெடுத்திட்டாங்க. பின்னேரம் அஸருக்கு முதல் இது சரிவராட்டி இனி அறிவித்தல் என்ட வேன்லதான். நான் ஒருக்கா பாக்கட்டா? ஏர்த் வயர்தான் லூஸா இருக்கும்."

"கலியாண வீட்டுக்குப் பாட்டுப் போடுறவன்ட கை இதுல பட ஏலாது. போடா."

"பேர் வராத அறிவித்தல மையித்தும் நம்பாது, மாமா." சிரித்துக்கொண்டே போனான்.

அவனிடம் இந்த உரிமையைக் கொடுப்பதைவிட நாக்கை அறுத்துக்கொள்ளலாம் என்று ஹாஜியார் நினைத்தார். மின் அளக்கும் மீற்றரை எடுத்தார். குசினியில் மகள் ஆதிலா தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. வீட்டில் இருந்தது அவர்கள் இருவர்தான்.

பற்றரி சரியாக இருந்தது. பியூஸுக்கு அப்பால் வயரில் மின் இல்லை, அதுவும் சரி. மீற்றரின் இரு முனைகளையும் அம்பில் வைத்தார். அங்கே முள் அசையக் கூடாது.

அசைந்தது. எழுந்து, விழுந்து, மறுபடி எழுந்தது. மின் வரும் விதம் அதுவல்ல. துருவலின் ஒவ்வொரு இழுப்புக்கும் முள் எழும்புவதை அவர் கவனித்தார். துருவல் நின்றது. முள்ளும் நின்றது. குசினியில் ஆதிலா இருமினாள். சிவப்பு விளக்கு ஒருகணம் பளீரென்று எரிந்தது.

ஹோர்ன் பேசியது.

"ஜனாஸா அறிவித்தல்."

அவருடைய குரல். அவருடைய வாய் மூடியிருந்தது. மைக் முன்னிருக்கையில் வயர் சுற்றியபடி கிடந்தது.

"இந்த ஒழுங்கையில் வசிக்கும் கலீலுர் றஹ்மான் ஹாஜியாரின் அன்பு மகள்…"

அறுந்தது. அதே இடத்தில்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. சந்திக் கடையில் தகரக் கதவு இழுபடும் சத்தம்.

"வாப்பா." குசினியிலிருந்து. "நெஞ்சு அடைக்கிற மாதிரிக் கிடக்கு. ஒருக்கா வாங்களன்."

ஒரு அடி வைத்தார். மேலே ஹோர்ன் மறுபடி கரகரத்தது. ஜன்னலில் இப்போது இரண்டு முகங்கள். உயிரோடு இருக்கும் பிள்ளையை மவுத்தென்று அறிவித்த வீடு! நாளை முழு ஊரும் கதைக்கும். றிகாஸ் கதைப்பான்.

"இரு மகள். இத நிப்பாட்டிட்டு வாறன்."

"கெதியா வாங்க, வாப்பா." துருவல் மெதுவாக மறுபடி தொடங்கியது.

வேனுக்குள் குனிந்தார். பியூஸ் இல்லாமல் எரியும் விளக்குக்கு மிச்சமாக இருந்த ஒரே வழி ஏர்த் வயர். இருக்கையின் கால் ஆணியில் அது தளர்ந்து ஆடியது. றிகாஸ் சொன்னது சரி. அந்தக் கோபத்தோடு வயரை இறுகப் பிடித்தார். சூடாக இருந்தது. உடம்பின் சூடு. பிடித்த வேகத்தில் முனை ஆணியில் நன்றாக அழுந்தியது.

சத்தம் தெளிந்தது.

"…ஆதிலா அவர்கள் காலமானார்கள்."

பெயர் வந்துவிட்டது. காலையிலிருந்து அறுந்துகொண்டிருந்த அதே இடத்தில். முழுமையாக. ஒழுங்கையின் கடைசி வீடுவரை.

வயரைப் பிடுங்கினார். விளக்கு அணைந்தது. இரைச்சல் நின்றது.

துருவலும்.

"மகள்?"

மழை ஒரு துளி. இன்னொன்று.

"ஆதிலா."

மீற்றரின் முள் பூச்சியத்தில் படுத்திருந்தது.

கேற் திறந்தது. தொப்பி அணிந்த ஆண்கள். செருப்புகளை வாசலில் கழற்றினார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. சந்தூக்கின் முன்பக்கத்தை றிகாஸ் சுமந்து வந்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. ஈரச் சீமெந்தில் அதை இறக்கி, மூடியைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். வெறும் பலகை. குசினிக் கதவைப் பார்த்தபடி நின்றார்கள்.

இல்லை என்று சொல்ல வேண்டும். பிழையான அறிவித்தல் என்று சொல்ல வேண்டும். பிடுங்கிய வயர் கையில் தொங்க, ஹாஜியார் வாயைத் திறந்தார்.

வாயிலிருந்து காற்றுக்கூட வரவில்லை. தலைக்கு மேலே, எந்த மின்னும் இல்லாத ஹோர்ன்கள் அவருடைய குரலில் நிதானமாகச் சொல்லி முடித்தன:

"நல்லடக்கம் அஸர் தொழுகைக்குப் பின்."