அந்த ட்ரைபாடுக்கு 'ஏ' கிரேடா?

"ஐயோ...!"

டோக்கியோவின் நகானோ பகுதியில், ஒரு கடைத் தொகுதியின் மூன்றாவது மாடியே அலறலில் அதிர்ந்தது.

அலறியவள் தமாயே. பூட்டைத் திறந்து, பாதி தூக்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து நுழைந்தவள், அப்படியே தரையில் சரிந்தாள்.

உள்ளே அவள் கணவன் குரோசு குப்புறக் கிடந்தார். பழைய கேமரா சாமான்கள் வாங்கி விற்கும் கடையின் முதலாளி. பின்னந்தலையில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது...

கூரையில் இருந்த சிசிடிவி எதையும் பார்க்கவில்லை.

அது வெறும் பொம்மை! கேமராக் கடைக்காரர், கேமராவில் கஞ்சத்தனம் பண்ணியிருந்தார்.

பூட்டு உடைபடவில்லை. குரோசுவைத் தவிர, சாவி இரண்டே பேரிடம். ஒருத்தி தமாயே. இன்னொருவர் நிஷிகோரி.

நிஷிகோரி அந்தக் கடையின் தரம் பார்க்கிற நிபுணர். விற்பனைக்கு வரும் லென்ஸ் மூடி, லென்ஸில் வெளிச்சம் படாமல் மறைக்கும் ஹுட், தோள் பெல்ட், கேமராவை நிறுத்தும் ட்ரைபாட் எல்லாவற்றிலும் கீறலும் தேய்மானமும் தேடிப் பிடித்து 'ஏ', 'பி', 'சி' என்று கிரேடு போடுவார். எதிலும் தேறாதது 'ஜங்க்'. வாசலில் பிளாஸ்டிக் கூடையில் கிடக்கும். வாங்கினால் வாங்கினதுதான், கடை திருப்பி எடுக்காது.

மனிதர்களுக்கும் அவர் கிரேடு போடுவார்.

யாருக்கும் இதுவரை 'ஏ' கிடைத்ததில்லை.

அந்த வாரக் கடைசியில் இன்ஸ்பெக்டர் சோனோதா கடைக்குள் நுழைந்தாள். தோளில் ஹேண்ட்பேக், கையில் ஒரு நீளப் பை. பின்னாலேயே, அழுது வீங்கிய கண்களுடன் தமாயே.

நிஷிகோரி வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டே நிமிர்ந்தார்.

"வாங்க மேடம். அது உங்க ஹேண்ட்பேக்கா? ஓரமெல்லாம் உரிஞ்சு தொங்குது. 'சி'. அதுவும் பெரிய மனசு பண்ணி."

"தேங்க்ஸ் சார். போலீஸ்காரி பேக்குக்கு 'சி'யே ஜாஸ்தி." சோனோதா சிரித்தாள். "பக்கத்துக் கடையில சொன்னாங்க... நீங்க போட்ட கிரேடை உங்க மொதலாளி மாத்துவாராமே?"

"மாத்துவாரு! நான் 'பி' போட்ட ஹுட்டை 'ஏ'ன்னு விப்பாரு. டூரிஸ்டுக்கு என்ன தெரியும்னு கேப்பாரு. கண்ணா அது? ரெண்டு கோலிக்குண்டு!"

"செத்துப்போன மனுஷனய்யா..." தமாயே விசும்பினாள்.

"செத்துட்டா மட்டும் பார்வை தெளிஞ்சிடுமாம்மா?"

சோனோதா நடுவில் புகுந்தாள்.

"சண்டை வேணாம். தமாயே அம்மா, சொல்லவே கஷ்டமா இருக்கு. உங்க வீட்டுக்காரர் பேர்ல பெரிய இன்ஷூரன்ஸ் இருக்கு. உங்களை அரெஸ்ட் பண்ணச் சொல்லி எங்க மேலிடம் குதிக்குது. என்கூட ஸ்டேஷனுக்கு வரணும்."

தமாயேவின் முகம் வெளுத்தது. "நான் ஏன்... நான் எதுக்குக் கொல்லணும்...?"

நிஷிகோரி உதட்டைப் பிதுக்கினார். "பொண்டாட்டின்னா அவ்வளவுதான். 'சி'தான் போட்டு வெச்சிருந்தேன். அதுவே அதிகம் போல!"

"போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை." சோனோதா நீளப் பையின் ஜிப்பைத் திறந்தாள். "சோதனைக்கு எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கணும். இந்த ட்ரைபாட்ல மட்டும் கிரேடு ஸ்டிக்கர் இல்ல."

அலுமினிய ட்ரைபாட். ஒரு காலில் மட்டும் கறுப்பு ஸ்பாஞ்ச் உறை.

"அதை நான் பாத்ததே இல்ல. அன்னிக்கு நான் வீட்டுக்குப் போனப்புறம் மொதலாளி வாங்கிப் போட்டிருப்பாரு."

"தொட்டது கூட இல்லையா?"

"கண்ணால பாக்கறதே இப்பத்தான்!"

"அப்ப சரி. உங்களுக்கு எதுக்கு சிரமம்? நானே போட்டுடறேன்."

மேஜையில் இருந்த ஸ்டிக்கர் ஒன்றை உரித்தாள். மார்க்கரால் பெரிதாக எழுதினாள்.

'ஏ'!

நிஷிகோரியின் கன்னம் துடித்தது.

"என்ன... என்ன பண்றீங்க?"

"பளபளன்னு இருக்கே சார்! 'ஏ'தான். நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"நல்லாத்தான் இருக்கு..." தமாயே கண்ணைத் துடைத்தாள். "அவர் இருந்தா, இதை 'ஏ'ன்னுதான் வித்திருப்பார்."

"அப்ப 'ஏ ப்ளஸ்'னே போட்டுடலாமா?"

"நிறுத்துங்க!"

நிஷிகோரி மேஜையில் ஓங்கி அறைந்தார். லென்ஸ் மூடிகள் உருண்டு ஓடின.

"அது 'ஏ'வா? இவ்வளவு பெரிய நசுங்கலை வெச்சுக்கிட்டு 'ஏ'வா? 'பி' கூடக் கிடையாது! 'சி'! வெறும் 'சி'!"

சோனோதா நிதானமாக மூன்று கால்களையும் தடவிப் பார்த்தாள்.

"நசுங்கலா? எங்க சார்?"

"அந்த ஸ்பாஞ்சுக்கு அடியில! குருட்டுக் கூட்டமே...!"

சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் அவர் காதுக்கே அது கேட்டது!

சோனோதா ஸ்பாஞ்சை மெல்ல உருவினாள். பைப் உள்வாங்கி நசுங்கியிருந்தது.

"இதைக் கடைக்கு வித்தவரைப் பிடிச்சுக் கேட்டோம். விக்கும்போது நசுங்கலும் இல்ல, ஸ்பாஞ்சும் இல்லன்னாரு. லேப்ல ஸ்பாஞ்சைக் கழட்டினோம். உள்ள ரத்தம்! திரும்ப மாட்டிக் கொண்டு வந்தேன். முதல்ல அதை மாட்டினது உங்க ரெண்டு பேர்ல யாருன்னுதான் தெரியாம இருந்துது. கண்ணால பாக்கறதே இப்பத்தான்னு சொன்னீங்களே சார்?"

நிஷிகோரி நாற்காலியில் விழுந்தார்.

"அன்னிக்கு மறந்துட்டுப் போன கண்ணாடியை எடுக்கத் திரும்பி வந்தேன்... நான் போட்ட 'பி'யை அழிச்சு 'ஏ'ன்னு எழுதிக்கிட்டிருந்தான். என் எதிர்லயே... சிரிச்சுக்கிட்டே! கைக்குக் கிடைச்சதை எடுத்தேன்..."

தமாயே முன்னால் வந்தாள். அவரை உற்றுப் பார்த்தாள்.

"என் புருஷனுக்குக் கண்ணு தெரியாதுதான்யா. தெரிஞ்சிருந்தா உன்னை வேலைக்கு வெச்சிருப்பாரா?"

விலங்கு மாட்டப்பட்டது. பழக்கதோஷம்... நிஷிகோரி அதையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"ஓரத்துல கீறல் இருக்கு..." என்று முனகினார்.

சோனோதா செல்போனை எடுத்தாள்.

"சார், குரோசு கேஸ் முடிஞ்சுது. ஒரு உருப்படி வாங்கிட்டு வரேன்... கிரேடா? சுத்த 'ஜங்க்' சார்! ஆனா கடை ரூல் தெரியுமில்ல... திருப்பி எடுத்துக்க மாட்டாங்க. நாமளேதான் உள்ள வெச்சுக்கணும்!"