ஐந்தரை அளவுக் குழாய்

மதிய ஷிப்டுக்கு வந்த மயக்க மருந்து டாக்டர் வழக்கம்போல முதலில் தட்டைத்தான் பார்த்தாள். மூச்சு முட்டி வருகிறவர்களின் தொண்டையில் இறக்கும் குழாய்கள் ஏழு, ஏழரை, எட்டு என்று வரிசையாகக் கிடக்க, ஸ்பிரிட் வாடைக்கும் ஏசியின் முனகலுக்கும் நடுவே, ஓரத்தில் உறை பிரித்த ஐந்தரை ஒன்று தனியாகக் கிடந்தது.

"குழந்தைங்க யாரும் வரலையே சிஸ்டர், இதை யார் பிரிச்சது?"

"நீங்கதானே டாக்டர் காலைல போன் பண்ணிச் சொன்னீங்க? மூச்சு வாங்கிக்கிட்டே பேசுனீங்க. மாடிப்படி ஏறுறீங்கன்னு நினைச்சேன்."

அவள் போன் செய்யவில்லை.

வயதை நாலால் வகுத்து நாலைக் கூட்டினால் குழாயின் அளவு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டாள். ஆறு வயது. போன மாதம் ஓர் ஆறு வயதுப் பையனுக்குக் குழாய் வேண்டாம், ஆக்சிஜன் முகமூடியே போதும் என்று முடிவெடுத்தவள் அவள்தான். போதவில்லை; பையன் பிழைக்கவில்லை. யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. அவள் மகளுக்கும் ஆறு வயது. முன்பல் விழுந்து ஒரு வாரம் ஆகிறது.

குழாயைக் குப்பைக் கூடையில் போட்டாள். கை கழுவித் திரும்பினாள்.

தட்டில் கிடந்தது.

"சிஸ்டர், நீங்களா எடுத்து வச்சீங்க?"

"குப்பைல நான் ஏன் கை விடப்போறேன்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்." சிரித்தபடி சிஸ்டர் மருந்தறைக்குப் போனாள்.

டாக்டர் குழாயைக் கையில் எடுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. உட்புறம் வெள்ளையாக ஆவி படர்ந்தது. மறைந்தது. மறுபடி படர்ந்தது. நுரையீரலுக்குச் சரியாகப் போன குழாயில்தான் அப்படிப் படரும். இது யார் தொண்டையிலும் இல்லை.

வீட்டுக்குப் போன் போட்டாள்.

"பாப்பா எங்கங்க?"

"சாப்பிட்டுத் தூங்குறா. உனக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?" என்றான் கணவன்.

ஆவி படர்ந்தது. நின்றது. வெகுநேரம் கழித்துப் படர்ந்தது.

"எழுப்புங்க. இப்பவே."

காலடிச் சத்தம். கதவு. கட்டில் கிறீச்சிட்டது.

"பாப்பா, எந்திரிடா. அம்மா பேசணுமாம்."

ஆவி பாதிதான் படர்ந்தது.

"பாப்பா?"

படரவில்லை.

"பாப்பா..."

குழாய் காய்ந்து, தெளிவாய், அவள் உள்ளங்கையில் கிடந்தது. அதன் மேல்நுனியில் புதிதாகப் பல் பதிந்த தடம். சின்னப் பற்கள். நடுவில் ஒன்று இல்லை.