மூடாத ழ

நேற்று மாலை கௌசர் தன் கையாலேயே மூடிவிட்டுப் போன எழுத்து, காலையில் திறந்து கிடந்தது.

ழகரம். கணினிக்கு ஒவ்வொரு எழுத்தும் ஒரு எல்லைக்கோடுதான். கோடு எந்தப் புள்ளியில் புறப்பட்டதோ அங்கேயே வந்து சேர வேண்டும், சேர்ந்தால்தான் உள்ளே கறுப்பை நிரப்ப முடியும். இந்த ழகரத்தின் அடிச்சுழியில் இரண்டு முனைகளும் தொடாமல் விலகி நின்றன. அதைத் திரையில் வரையப் போகும் எடிட்டர் மென்பொருள், முடியாத கோட்டின் முடிவைத் தேடித் தேடி நினைவகத்தையெல்லாம் தின்றுவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் மூடிக்கொள்ளும். ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் மூன்று வாரமாகக் கௌசரின் வேலை.

சென்னையில் ஒரு சின்ன நிறுவனம்; அச்சகங்களுக்கும் டி.டி.பி. கடைகளுக்கும் தமிழ் எடிட்டர் செய்து கொடுத்தது. பெரிய காஞ்சிபுரத்தில் வீட்டு மாடி அறையிலிருந்தே கௌசர் அதற்கு வேலை பார்த்தாள். கணவன் மொஹசின் ஒன்பதரை மணிக்குப் பட்டுக்கடைக்குக் கிளம்பிவிட்டால், வீட்டில் அவளும் கீழே மாமியார் நசீம் பானுவும் மட்டும்தான்.

அந்த ழகரம் இருந்தது, எடிட்டரின் புதுப் பதிப்போடு இலவசமாகத் தரப்போகும் ஓர் எழுத்துருவில். பெயர் 'இளவரசி'. திருப்புட்குழியிலிருந்து குமாரசாமி என்பவர் அனுப்பியிருந்தார். சேலை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர். கொழுகொழுவென்று, ஓரம் லேசாக உப்பி, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் என்று தோன்றவைக்கும் எழுத்துகள். முதல் நாள் கௌசருக்குப் பிடித்துத்தான் இருந்தது. பிறகு அவரிடமிருந்தே மூன்று மின்னஞ்சல்கள் வந்தன. மூன்றிலும் ஒரே வரி. 'தயவுசெய்து ழ அடிக்காதீர்கள்.'

"பக் ரிப்போர்ட் எழுதத் தெரியல பாவம். ழ அடிச்சா க்ராஷ் ஆவுதுன்னு சொல்றாரு. நீ பாத்துக்க மா" என்று குழுத்தலைவன் சத்யராஜ் போனில் சிரித்தான்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நேற்று அந்த எழுத்தின் கோட்டில் இருநூற்றுப் பதினான்கு புள்ளிகள். இன்று முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. மின்னஞ்சலோடு வந்த மூலக் கோப்பை மறுபடி இறக்கிப் பார்த்தாள். அதிலும் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று.

திரையில் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். வழவழப்பாக இருக்க வேண்டிய வளைவு, அருகில் போகப் போக நுண்ணிய குழிகளாகவும் மேடுகளாகவும் பிரிந்தது. சில குழிகளிலிருந்து மயிரிழை போல ஒரு கோடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இடைவெளிக்கு உட்புறம், யாரும் வரைந்திராத குட்டிக் குட்டி வட்டங்கள், நீளவாக்கில், வெந்த அரிசி போல. எண்ணினாள். பதினேழு. புகைப்படத்திலிருந்து எடுத்த எழுத்தாக இருக்கும், தூசி ஒட்டியிருக்கும் என்று நினைத்து ஒவ்வொன்றாக அழித்தாள். கோப்பை மூடித் திறந்தாள். இருபத்திரண்டு. முன்பு இருந்த இடத்தில் அல்ல. சற்றுத் தள்ளி, ஓரத்தை நோக்கி.

அவளையறியாமல் விரல்களைத் துப்பட்டாவில் துடைத்தாள்.

மதியம் நசீம் பானு தால்சாவும் சோறும் கொண்டுவந்து வைத்தார். தால்சாவின் மேல் எண்ணெய் ஒதுங்கி, ஆட்டுக் கொழுப்பு ஒன்று வெளுத்து உப்பி மிதந்தது. அதன் ஓரத்தைப் பார்த்ததும் கௌசரின் நாக்கடியில் எச்சில் ஊறியது, புளித்த எச்சில், வாந்திக்கு முன்னால் வருவது. தட்டை நகர்த்தினாள்.

"மூணு நாளா சரியா துன்றதில்ல. விசேஷமா?" என்று நசீம் பானு சிரித்தார்.

"இல்ல அம்மி. இங்க எலி ஏதாவது செத்திருக்குதா? நாத்தம் வருது பாருங்க."

நசீம் பானு மூக்கை உறிஞ்சினார். "ஒண்ணும் இல்லையே மா."

ஆனால் வந்தது. கௌசருக்குத் தெரிந்த நாற்றம். அவள் வாப்பா லியாகத் அலிக்குச் சர்க்கரையில் கால் புண்ணாகி எட்டு மாதம் கட்டு மாற்றியது அவள்தான். பஞ்சைப் பிரிக்கும்போது எழும் அந்த இனிப்புக் கலந்த அழுகல். ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பிரிப்பாள். வாப்பா அதைக் கவனித்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்த நாற்றம் இப்போது விசைப்பலகையின் சந்துகளிலிருந்து வந்தது. விசைகள் ஈரமாக இருப்பது போல் விரல் நுனியில் ஒட்டின. ழ விசை மட்டும் அழுத்தினால் உடனே மேலே எழாமல், அமுங்கி, மெதுவாக எழுந்தது.

வியாழக்கிழமை அவள் எழுத்தைத் தொடுவதை விட்டுவிட்டாள். தொடப் பிடிக்கவில்லை. எடிட்டரையே மாற்றினாள். எல்லைக்கோட்டின் இரண்டு முனைகளும் சேரவில்லையென்றால், எவ்வளவு தூரம் இருந்தாலும் இழுத்து இணைத்துவிடு என்று நான்கு வரி எழுதினாள். பிறகு சோதனைக்கு ஒரு வாக்கியம். 'பழைய புழுதியில் விழுந்த மழை.' நான்கு ழகரம். அதை 'இளவரசி' எழுத்தில், எறும்பளவிலிருந்து கையளவு வரை, பத்தாயிரம் தடவை தானாக அடிக்கும்படி ஓடவிட்டாள். மூச்சைப் பிடித்தபடி பார்த்தாள். எடிட்டர் சாகவில்லை. இரவு அந்த நான்கு வரித் திருத்தத்தை மட்டும் சத்யராஜுக்கு அனுப்பிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கடைசியாக ஒருமுறை சோதனையை ஓடவிட்டபோது போன் வந்தது.

"கௌசர் மா தானே? நான் குமாரசாமி. திருப்புட்குழி. ஆபீஸ்ல நம்பர் வாங்கனேன்."

"சொல்லுங்க சார். உங்க ழ சரியாயிடுச்சு. இனிமே க்ராஷ் ஆவாது."

அந்தப் பக்கம் பின்னால் ஒரு சத்தம் மட்டும். ஈரத்தில் ஒட்டிப்போன துணியை மெல்லப் பிரிப்பது போல.

"பழைய புழுதியில் விழுந்த மழை" என்றார் குமாரசாமி, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் போல. "இது நீங்க எழுதறதா மா?"

கௌசரின் கை விசைப்பலகையிலிருந்து விலகியது. அந்த வாக்கியத்தை அவள் யாருக்கும் அனுப்பவில்லை.

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

"நேத்து மத்தியானத்திலேருந்து படிச்சிக்கினு தான் இருக்கேன். நிறுத்துங்க மா. காலைப் புடிச்சி கேக்கறேன். இன்னான்னு கேக்காதீங்க, சொன்னா நம்ப மாட்டீங்க. ஒரு நடை வந்து பாத்துட்டுப் போங்க."

யாரோ தன் திரையை வேவு பார்க்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் வேறு ஒன்று குளிர்ந்தது. சோதனை ஓடியபடி இருக்க, நசீம் பானுவிடம் ஒரு மணி நேரத்தில் வருவதாகச் சொல்லிவிட்டு வேலூர் பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் சத்யராஜ் கூப்பிட்டான். "கௌசர், ரிலீஸ் போயிடுச்சு! இப்பவே ஆயிரத்துக்கு மேல டவுன்லோட். கல்யாண சீசன் பாரு, பத்திரிகை அடிக்கிறவங்க எல்லாம் இளவரசி ஃபான்ட் சூப்பர்ன்றாங்க."

"சார், அந்த ஃபான்ட்ட மட்டும் எடுத்துடலாமா?"

"ஏன், மறுபடியும் க்ராஷா?"

"இல்ல."

"அப்புறம் இன்னா மா?"

அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

நெடுஞ்சாலையில் இறங்கி, வெயிலில் நடந்து, கோயில் குளத்தைத் தாண்டி, பச்சைப் பெயின்ட் அடித்த ஒற்றை மாடி வீடு. நாற்றம் வாசலிலேயே நின்றது. டெட்டால், வேப்பிலை, எரிந்து முடிந்த ஊதுபத்தி. எல்லாவற்றுக்கும் அடியில் அது. கதவைத் திறந்த குமாரசாமிக்கு நாற்பது வயது இருக்கும். சட்டை நனைந்திருந்தது. விரல்களில் பஞ்சு இழைகள் ஒட்டிக் காய்ந்திருந்தன.

"உள்ள வாங்க மா. செருப்பு இருக்கட்டும், தரை ஈரமா இருக்குது."

முன்னறையில் கம்ப்யூட்டர். அதன் மேல் போர்வை போட்டு மூடி, ஒயரைப் பிடுங்கி வைத்திருந்தது. உள்ளறைக்கு ஒரு திரைச்சீலை. அவர் அதற்கு முன்னால் நின்றபடி, குரலைத் தாழ்த்தி அவசரமாகப் பேசினார்.

"இளவரசி என் சம்சாரம் மா. அவ தோலு பொறந்ததிலேருந்தே அப்டி. நகத்தால லேசா கோடு இழுத்தா போதும், தடிப்பா எழும்பும். அரை மணி நேரத்துல மறைஞ்சிடும். வலியே இருக்காது. கல்யாணம் ஆன புதுசுல அவ கையில அவ பேரையே எழுதிக் காட்டுவேன், சிரிப்பா. அப்புறம் தோணுச்சி, எல்லா எழுத்தையும் எழுதி போட்டோ புடிச்சி ஃபான்ட்டா பண்ணலாம்னு. முதுவுல எழுதனேன். ழ எழுதறப்ப அவ தும்மிட்டா. நகம் ஆழமா கிழிச்சிடுச்சி. அப்பவே நிறுத்தியிருக்கணும். ஒரு எழுத்து தானேன்னு அதையும் புடிச்சிட்டேன்." அவர் கண்ணைத் துடைத்தார், பஞ்சு கன்னத்தில் ஒட்டியது. "மத்ததெல்லாம் மறைஞ்சிடுச்சி. அது மூடவே இல்ல. உங்களுக்கு அனுப்பனப்புறம், தானா வர ஆரம்பிச்சிது."

"இன்னா வர ஆரம்பிச்சிது?"

அவர் திரைச்சீலையை விலக்கினார்.

கட்டிலில் விரித்த வாழையிலைகளின் மேல் ஒரு பெண் குப்புறப் படுத்திருந்தாள். இடுப்பு வரை துணி இல்லை. கழுத்தடியிலிருந்து இடுப்பு வரை, வரிக்கு வரி, சிவந்து தடித்த எழுத்துகள். எறும்பளவு எழுத்துகள் தோளில். கீழே போகப் போகப் பெரிதாகி, இடுப்பில் உள்ளங்கை அகலம். பழைய புழுதியில் விழுந்த மழை. பழைய புழுதியில் விழுந்த மழை. இடம் தீர்ந்தபிறகு வரியின் மேல் வரி. தடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பளபளத்து, நீர் கசிந்தன. ழகரங்கள் மட்டும் தடிப்பாக இல்லை. பிளந்திருந்தன. ஒவ்வொரு பிளவின் இரண்டு ஓரங்களையும் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று பிடித்து இழுத்துச் சேர்த்திருந்தது. இழுத்த இழுப்பில் சுற்றியிருந்த தோல் சுருங்கி மடிந்து, பக்கத்தில் புதிதாகக் கிழிந்திருந்தது. சேர்ந்த இடத்தின் கீழே வெள்ளை வெள்ளையாக எதுவோ நெளிந்தது. வெந்த அரிசி போல.

"முன்ன தொறந்து கெடக்கும். நேத்திலேருந்து இழுத்து மூடுது. அப்ப தான் கத்தறா" என்றார் குமாரசாமி. அவர் கையில் இடுக்கி. ஸ்டூலில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். கௌசர் கிண்ணத்துக்குள் பார்க்கவில்லை. அது லேசாகச் சலசலப்பது மட்டும் கேட்டது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு?" என்றாள் இளவரசி, தலையைத் தூக்காமல். "எழுதறவங்களா?"

கௌசர் கட்டிலருகே ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"சின்னதா எழுதுங்க மா. பெருசா எழுதாதீங்க. சின்ன எழுத்துன்னா தாங்கிக்கறேன்."

கௌசரின் கண்ணெதிரே, விலாவில் மிச்சமிருந்த வெறும் தோலில், ஒரு கோடு எழும்பியது. சுழன்றது. ப.

அவள் போனை எடுத்தாள். நசீம் பானுவின் எண்ணை அழுத்தினாள்.

"அம்மி, மாடிக்குப் போய் என் லேப்டாப்ப மூடிடுங்க. இப்பவே."

"இன்னா மா ஆச்சு? குரல் ஏன் இப்டி..."

"மூடுங்க அம்மி!"

போனில் செருப்புச் சத்தம். முட்டிவலியோடு நசீம் பானு ஒவ்வொரு படியாக ஏறினார். ஒரு படி. மூச்சு. இன்னொரு படி. விலாவில் ழ பிளந்தது. ஓரங்கள் இழுபட்டன. இளவரசி வாழையிலையைக் கடித்தாள். ய வந்தது. இன்னொரு படி.

"எழுத்தா ஓடிக்கினு இருக்குதே மா, இதுவா?"

"அதான். மடிச்சிடுங்க."

பழைய பு.

பழைய புழு.

டப் என்று ஒரு சத்தம் போனில்.

தோல் நின்றது. 'பழைய புழு' என்பதோடு, அடுத்த எழுத்து எழும்பாமல், நின்றே போனது. இளவரசியின் முதுகு நீளமாக ஏறி இறங்கியது. குமாரசாமி அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தை முழங்கையால் மூடிக்கொண்டு அழுதார். கௌசர் கட்டிலின் கால்மாட்டில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். பிடித்திருந்த மூச்சு வெளியே வந்தது. நாற்றம் உள்ளே போனது. இந்த முறை அவள் மூக்கைப் பொத்தவில்லை.

"மன்னிச்சிடுங்க அக்கா" என்றாள்.

"நின்னுடுச்சி" என்றாள் இளவரசி. சிரிக்க முயல்வது போலிருந்தது. "நின்னுடுச்சிங்க."

அவள் மெல்ல முகத்தைக் கௌசர் பக்கம் திருப்பினாள். முப்பது வயது முகம். முதுகில் இருந்தது எதுவும் முகத்தில் இல்லை. கன்னம் வழவழவென்று இருந்தது.

அப்போது அவள் குதிகாலில் ஒரு கோடு எழும்பியது.

கௌசர் குனிந்து பார்த்தாள். அவள் எழுதியதல்ல. அவள் கை அல்ல. அன்புடையீர்.

கெண்டைக்காலில் இன்னொன்று. நிகழும். முழங்கையில், அதே நேரத்தில், வேறு அளவில், கண்ணீர் அஞ்சலி. தொடையில் ஒரு மண்டபத்தின் பெயர். கழுத்தில் யாரோ ஒரு மாப்பிள்ளையின் பெயர், அடித்து, அழித்து, அதன் மேலேயே மறுபடி அடித்து. ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கவில்லை. எல்லாம் சேர்ந்தே வந்தன.

கௌசர் சத்யராஜின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

இளவரசி அவளையே பார்த்தாள். காதோரத்தில் தொடங்கி, கன்னத்தின் குறுக்கே, உதட்டை நோக்கி ஒரு சொல் நிதானமாக எழும்பி வந்தது. அழைப்பிதழ். கடைசி எழுத்துக்கு வாயோரத்தில்தான் இடம் இருந்தது. அங்கே தோல் பிளந்து, வளைந்து, சுழிந்து, மூடாமல் நின்றது. இளவரசி ஏதோ சொல்ல உதட்டைத் திறந்தாள். பக்கத்திலிருந்த ழகரமும் கூடவே திறந்தது.