தட்டு காலி

ஐந்து கோழிகளின் அலகுகளும் சிவந்திருந்தன. பூனை ஏதாவது புகுந்து ரத்தக்களறி ஆகிவிட்டதோ என்று பதறிப்போய்த்தான் அவள் பின்வாசல் படியிறங்கினாள். ஒன்றைப் பிடித்துத் துடைத்துப் பார்த்தால் ரத்தமில்லை, பீட்ரூட். மதியம் வீட்டில் பீட்ரூட் வெந்தது உண்மைதான். ஆனால் தோலைக்கூட அவள் வெளியே போடவில்லை. வெந்ததை வழித்துத் தின்றது அவள் ஒருத்திதான்.

தின்ற கையோடு பசித்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

அவை டீச்சர் வளர்த்த கோழிகள். டீச்சர் என்றால் அவளுடைய நாத்தனார், தம்பியைத் தூக்கி வளர்த்து ஆளாக்கிய அக்கா. மிஞ்சிய சோறு, காய்த்தோல், ரொட்டி ஓரம் எல்லாவற்றையும் ஒரு எனாமல் தட்டில் சேர்த்து, அதன் விளிம்பில் ஸ்பூனால் டக் டக் என்று தட்டுவாள். கோழிகள் தலைதெறிக்க ஓடிவரும். பக்கவாதம் வந்து வாயும் வலது பக்கமும் விழுந்தபிறகு அந்தத் தட்டும் ஸ்பூனும் ஜன்னலோரக் கட்டிலுக்கு வந்துவிட்டன. பசித்தால் இடது கையால் தட்டுவாள். பழக்கதோஷத்தில் கோழிகளும் ஜன்னலடியில் வந்து நிற்கும்.

ஒரு வாய் விழுங்க டீச்சருக்கு ஐந்து நிமிடம் ஆகும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். யாருக்கு இருக்கிறது அவ்வளவு பொறுமை? இவள் இரண்டு ஸ்பூன் ஊட்டுவாள், மிச்சத்தை ஜன்னல் வழியே கொட்டுவாள். பஸ் ஓட்டிக் களைத்து வரும் கணவனிடம் தட்டைத் தூக்கிக் காட்டி, ஒரு பருக்கை விடவில்லை உங்கள் அக்கா என்பாள். இளைக்கிறாளே என்று அவன் கேட்டால், வியாதி உருக்குகிறது என்பாள். நம்பினான், பாவம். டீச்சர் மட்டும் தன் சோற்றைக் கோழிகள் கொத்துவதைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நான்கு மாதம் தாங்கினாள், பிறகு போய்ச் சேர்ந்தாள்.

பீட்ரூட் நாளன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அக்கா கடைசியில நெஜமாவே சாப்பிட்டாளா?"

"அதான் தெனமும் தட்டைக் காட்டினேனே."

பின்பக்கம் டக் டக் என்றது. கோழிகள் சிறகடித்து ஓடும் சத்தம். அவன் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை.

அதன்பிறகு என்ன தின்றாலும் அவளுக்கு வயிறு நிறையவில்லை. வேளைக்கு மூன்று தட்டு சாப்பிட்டாள். வளையல் முழங்கை வரை ஏறியது. கோழிகளை அடைத்துப் போட்டு மூன்று நாள் ஒரு பொட்டுத் தீனி வைக்கவில்லை. அவையோ கொழுத்தன. நான்காம் நாள் மதியம், கை கழுவிய ஈரத்தோடு போய்ப் பழுப்புக் கோழியைத் தூக்கினாள். கழுத்தடியில் தீனிப்பை புடைத்திருந்தது. கதகதவென்று இருந்தது. கத்தியை எடுத்தாள்.

உள்ளே சோறு. கேரட். ரொட்டி. இப்போதுதான் அவள் தின்றது.

கோழிக்குப் பல் கிடையாது. இது பல்லால் மென்றது. சூடு ஆறவில்லை.

கோழியைச் சுவரோரம் புதைத்தாள். பயத்தில் அழுகை முட்டியது. சொல்லிவிட வேண்டும். அவன் அடித்தாலும் சரி, துரத்தினாலும் சரி, இன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். அவன் வந்ததும் ஓடிப்போய் வாயைத் திறந்தாள். நாக்கு ஒரு பக்கமாகச் சரிந்தது. வலது கால் மடங்கியது.

ஜன்னலோரம் காற்று வரும் என்று அவளை அந்தக் கட்டிலிலேயே போட்டான். லீவு எடுத்துக்கொண்டு, முகம் சுளிக்காமல், ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஊட்டினான். அவள் ஒவ்வொரு வாயாக விழுங்கினாள். எதுவும் வயிற்றில் போய் விழவில்லை. வெளியே, அவன் திறந்துவிட்ட கோழிகளின் கழுத்து ஏறி இறங்கியது.

"நல்லா சாப்பிடுறா சார்," என்று டாக்டரிடம் போனில் சொன்னான். "தட்டு காலி. ஏன் இளைக்கிறாங்கறதுதான் புரியல."

அவள் இடது கையால் ஸ்பூனைப் பற்றினாள். எப்படியாவது காட்ட வேண்டும். தட்டைத் தட்டினாள். டக் டக்.

கோழிகள் வந்தன. நான்கு.

இல்லை, ஐந்து.

பழுப்புக் கோழி ஜன்னல் கட்டையில் ஏறி நின்றது. சிறகெல்லாம் மண். அறுத்த கழுத்திலிருந்து சோறு பருக்கை பருக்கையாக உதிர்ந்தது.

கீழிருந்து ஒரு கை மேலே வந்தது. இடது கை. எலும்பும் தோலும். பருக்கைகளை ஒன்று விடாமல் பொறுக்கிக்கொண்டு கீழே போனது.

மெல்லும் சத்தம். நிதானமாக. ஒரு நிமிடம். இரண்டு. ஐந்து.

விழுங்கியது.

ஜன்னல் கட்டையில் மறுபடி டக் டக்.

கணவன் போனை வைத்துவிட்டு அவள் விரல்களிலிருந்து ஸ்பூனை மெல்ல எடுத்தான். சோற்றைப் பிசைந்து, ஊதி, அவள் வாயருகே கொண்டுவந்தான்.

"ஆ காட்டும்மா," என்றான்.