மூடிய பாலமும் மூன்று பாட்டில்களும்

மகளை அடக்கம் செய்த மூன்றாம் நாள் காலையில் படகோட்டி செய்னி, ஓய்வுபெற்ற போலீஸ்காரர் கிம்பாவின் வாசலில் வந்து நின்றான். ஒன்பது வயது ரகியாவுக்குச் சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி போட்டும், புது மருந்து வந்த ஐந்தே நாளில் போய்விட்டாள்.

"நர்ஸ் பிபாத்தா மருந்தை வித்துட்டு என் பிள்ளைக்குத் தண்ணியை ஏத்திட்டாய்யா. சாயங்காலத்துக்குள்ள நீங்க ஒரு முடிவு சொல்லணும். இல்லேன்னா படகுத்துறைப் பசங்க அவ ஆஸ்பத்திரியைக் கொளுத்திடுவாங்க. நான் தடுக்க மாட்டேன்."

நைஜர் தலைநகரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதற்குத் தண்டனையாக அண்டை நாடுகளில் பெனின் எல்லைப் பாலத்தை அடைத்தது, நைஜீரியா மின்சாரத்தை நிறுத்தியது. தண்டனை தளபதிகளை எட்டியதோ என்னவோ, எல்லை ஆற்றங்கரையிலிருந்த காயா ஊரில் செய்னியின் குடிசைக்கு நேராக வந்து சேர்ந்தது. மருந்துக்குத் தடையில்லை என்று ரேடியோ சொன்னது. மருந்து லாரியோ அக்கரையில் ஆறு வாரமாக நின்றது. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

கிம்பாவை ஆஸ்பத்திரிக்கு பைக்கில் ஏற்றிக்கொண்டு போன மைத்துனன் லவாலி பாதி வழியிலேயே வழக்கை முடித்துவிட்டான்.

"மச்சான், கரண்ட் இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை. வெயில்ல மருந்து கெட்டுப்போச்சு. நர்ஸ் மறைக்கிறா. அவ்வளவுதான்!"

"பள்ளத்தைப் பார்த்து ஓட்டுடா, துப்பறியும் புலி."

ஈரமணல் சூழ்ந்த மண்பானையில் பிபாத்தா மருந்தை வைத்திருந்தாள். மூன்று பாட்டில்கள். ஒன்று அதே நோயுள்ள தையற்காரர் மகன் யாயேவுடையது, பாலம் மூடுவதற்கு முன் வந்த பழைய மருந்து, இன்னும் இரண்டு நாளுக்கு மட்டும் வரும். மற்ற இரண்டும் ரகியாவுக்காகப் புதிதாக வந்தவை. அதில் ஒன்றின் மூடி உடைபடவே இல்லை. கிம்பா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தார். பழையது தெளிவாக இருந்தது. புதியவை இரண்டிலும் வெள்ளைத் துகள்கள் மிதந்தன. சுருங்கிய லேபிளில் உப்புப் பூத்திருந்தது. அதன் ஓரத்தில் ஒரு மீன் செதில்.

"துகளைப் பார்த்தீங்களாம்மா?"

"பார்த்தேன் ஐயா." பிபாத்தா அழுதாள். "வேற மருந்து ஏது? பாதியாவது வேலை செய்யும்னு நம்பினேன்."

"எதனால இப்படித் திரியும்?"

"உறைஞ்சுபோனா."

கிம்பாவுக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது. பொய் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தார். வெளியே கல்லும் கம்புமாக இளைஞர்கள் கூடியிருந்தார்கள். செய்னியையும் அவர்களையும் உள்ளே அழைத்தார்.

"தண்ணி கலந்திருந்தா துகள் இருக்காது. மூடி உடைக்காத பாட்டில்லயும் துகள் இருக்கு, அப்போ நர்ஸ் கை வைக்கலை. வெயில்னு சொல்றதா இருந்தா, அதே பானையில இருந்த யாயேவோட மருந்தும் கெட்டிருக்கணும். அவன் நேத்துகூட பந்து விளையாடினான். இது இங்க வர்றதுக்கு முன்னாடியே உறைஞ்சு செத்த மருந்து." அவர் குரல் தாழ்ந்தது. "செய்னி, நீ இதை எப்படிக் கொண்டு வந்தே?"

"மீன் கூடையில, ஐஸுக்கு அடியில. சூடு படக்கூடாதுன்னாங்க. குளிர் குறையாம இருக்க மீனுக்குப் போடற மாதிரி உப்பும் தூவி, பாட்டிலைச் சுத்தி அடைச்சு, பச்சைப் பிள்ளையைக் கொண்டு வர்ற மாதிரி..."

உப்புப் போட்ட ஐஸ் மருந்தையே உறைய வைத்துவிடும் என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. கூட்டத்தில் ஒருவன் கையிலிருந்த கல்லைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

"நீ கொல்லலைப்பா," என்றார் கிம்பா. "பாலம் திறந்திருந்தா அந்தக் கூடைக்கு வேலையே இல்லை."

செய்னி அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. "யாயேவுக்கு மருந்து வாங்க என் தம்பி போயிருக்கான். உப்பு நிறையப் போடுடான்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்."

லவாலி அவனை பைக்கில் ஏற்றிக்கொண்டு படகுத்துறைக்குப் பறந்தான். மருந்தோடு திரும்பிய தம்பியின் படகு பாதி ஆற்றைக் கடந்திருந்தது. செய்னி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இரண்டு கைகளையும் ஆட்டி, தொண்டை கிழியக் கத்தினான்.

தம்பிக்கு அண்ணனின் கவலை மட்டும் புரிந்தது. பயப்படாதே என்று சொல்வதுபோல், ஐஸ் நிரம்பிய கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான்.