ஆறாவது அட்டை

செவ்வாய்க்கிழமை காலை, ஹெட்டியின் காலணிப் பெட்டிக்குள் ஐந்து அட்டைகள்தான் இருந்தன.

"எழுதுற பென் அட்டை எங்க?" என்று கேட்டார் டக்வொர்த் டீச்சர்.

ஹெட்டி அட்டைகளை இன்னொரு தடவை புரட்டினாள். எழுதுகிற பென்னுக்கான அட்டை இல்லை.

"இருந்துச்சு மிஸ்."

"வெள்ளிக்கிழமை எல்லார் வீட்லேருந்தும் வர்றாங்க. அதுக்குள்ள தேடி வை, கண்ணு. அது இல்லாம உங்க வார்த்தைய எப்படிச் சுவத்துல மாட்டறது?"

ஹெட்டி பெட்டியின் அடியைப் பார்த்தாள். மூடியின் உட்பக்கத்தைப் பார்த்தாள். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐவியைப் பார்த்தாள்.

நேற்று சாயங்காலம் பெட்டியை வீட்டுக்கு எடுத்துப் போனது ஐவி.

ஐவி ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கிலாந்தில், பென்டில் குன்றின் அடிவாரத்தில் இருக்கும் அந்தச் சின்னப் பள்ளியில், அந்தப் பருவம் முழுவதும் வார்த்தை வேட்டை நடந்தது. இரண்டு பேருக்கு ஒரு வார்த்தை, அதன் ஒவ்வோர் அர்த்தத்துக்கும் ஓர் அட்டை. எல்லோர் வாயிலும் தினமும் வருகிற வார்த்தையாக இருக்க வேண்டும். யாராவது அதைச் சொல்லிக் கேட்டால், அந்த வாக்கியத்தை அப்படியே ஓர் அட்டையில் எழுத வேண்டும். சொன்னவர் பேர் வேண்டும். சொன்ன இடம் வேண்டும். பேர் இல்லாத அட்டையை டீச்சர் ஏற்றுக்கொள்ள மாட்டார். அட்டையின் பின்பக்கத்தில், அந்த அர்த்தம் எங்கிருந்து வந்தது என்று பெரிய அகராதியைப் பார்த்து எழுத வேண்டும்.

ஹெட்டிக்கும் ஐவிக்கும் கிடைத்த வார்த்தை 'பென்'.

"எழுதற பென்னா? அவ்ளோதானா?" என்று முதல் நாள் ஹெட்டி முகத்தைச் சுளித்தாள்.

ஆனால் அது அவ்வளவோடு நிற்கவில்லை. ஐவியின் அப்பா ஆடுகளை அடைக்கிற பட்டிக்கும் பென் என்றுதான் பேர். அது ஆங்கிலத்திலேயே ரொம்பப் பழைய சொல். ஆலைக் குளத்தில் நீந்தும் பெட்டை அன்னமும் பென். அந்தப் பேர் எப்படி வந்தது என்று அகராதிக்கே தெரியவில்லை. வியாழக்கிழமை வரும் மீன் வண்டிக்காரர், ஒரு கணவாயின் உடம்பிலிருந்து கண்ணாடி மாதிரி ஒரு தண்டை உருவிக் காட்டி, "இதுவும் பென்தான் பாப்பா" என்றார். கால்பந்து ஆடும்போது அல்ஃபி கையைத் தூக்கிக்கொண்டு கேட்பதும் பென்தான். பெனால்டி என்று முழுசாகச் சொல்ல அவனுக்குப் பொறுமை கிடையாது.

கடைசியில் குன்றும் வந்து சேர்ந்தது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் வருவதற்கு முன்னால் இங்கே வாழ்ந்தவர்கள், குன்றைப் 'பென்' என்றார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அது புரியவில்லை. கூடவே தங்கள் மொழியில் 'ஹில்', அதாவது 'குன்று', என்று ஒட்டவைத்தார்கள். நாளாக ஆக அந்த ஒட்டும் தேய்ந்துபோய், பென்டில் என்று ஆகிவிட்டது. அதற்கப்புறம் வந்தவர்கள் இன்னொரு 'குன்று' சேர்த்தார்கள்.

"அப்போ நம்ம குன்றோட பேரு குன்று குன்று குன்றா?" என்று கேட்டாள் ஐவி.

இரண்டு பேரும் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் டீச்சர் வந்து அந்தப் பாடம் முடியும்வரை பிரித்து உட்கார வைத்தார். அது மூன்று வாரத்துக்கு முன்னால்.

இப்போது இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பெட்டி இருந்தது. பேச்சு இல்லை.

ஹெட்டி கவனிக்க ஆரம்பித்தாள். இடைவேளையில் ஐவி வெளியே போகவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஹெட்டி பக்கத்தில் வந்ததும் பையின் வாரை இறுக்கினாள். வெற்று அட்டைக் கட்டை ஹெட்டி கையில் எடுத்துப் பார்த்தாள். போன வாரம் தடியாக இருந்த கட்டு இளைத்துப்போயிருந்தது.

"வெத்து அட்டை ஏன் குறைஞ்சிருக்கு?" என்று கேட்டாள்.

ஐவியின் காது சிவந்தது. "எனக்கு எப்படித் தெரியும்?"

தெரியாதவளுக்குக் காது எதற்குச் சிவக்க வேண்டும்? ஹெட்டி அதை மனதுக்குள்ளேயே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. சாப்பாட்டு வரிசையில் முன்னால் நின்ற அல்ஃபியின் காதில் போட்டாள்.

"ஐவிதான் எடுத்திருக்கா."

"எதுக்கு எடுக்கணும்?"

"எனக்குத் தெரியல. ஆனா எடுத்திருக்கா."

அல்ஃபியின் காதில் போட்டது அல்ஃபியோடு நிற்காது. ஐவி தட்டோடு வந்தபோது, மேஜையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். ஐவி உருளைக்கிழங்கைத் துண்டு துண்டாக நறுக்கினாள். ஒரு துண்டையும் சாப்பிடவில்லை.

ஹெட்டிக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அது ஏன் என்று அவளுக்கே புரியவில்லை.

புதன்கிழமை பள்ளி விட்டதும், ஹெட்டி கல்சுவரை ஒட்டிய பாதையில் ஐவி வீட்டுக்கு நடந்தாள். ஐவி ஆட்டுப் பட்டியின் படல்மேல் உட்கார்ந்திருந்தாள். பை அப்போதும் மடியில்தான் இருந்தது.

"பையைத் திற," என்றாள் ஹெட்டி.

"எதுக்கு?"

"உனக்கே தெரியும்."

பட்டிக்குள்ளிருந்து ஓர் ஆடு வாயை அசைத்துக்கொண்டே ஹெட்டியை மேலும் கீழும் பார்த்தது. காற்று அடித்தது. ஐவி வாரைத் தளர்த்தி, ரப்பர் பட்டை போட்ட அட்டைக் கட்டை எடுத்து ஹெட்டியின் கையில் வைத்தாள்.

ஆறு அட்டைகள். ஆறிலும் ஒரே வாக்கியம். "கிட்டப் போகாதீங்க, பென் முட்டை மேல உக்காந்திருக்கு." சொன்னவர், குளத்துக் காவலர் திரு. சாகர். இடம், ஆலைக் குளம். முதல் அட்டையில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. இரண்டாவதில் கொஞ்சம் நிமிர்ந்திருந்தன. ஆறாவதில் நேராக நின்றன.

"நான் எழுதினது அந்த ஒரு அட்டைதான்," என்றாள் ஐவி. "கோழி கிளறின மாதிரி இருக்குன்னு சொன்னே. எல்லாரும் சிரிச்சாங்க. வெள்ளிக்கிழமை எங்க அம்மா வந்து பாப்பாங்கல்ல?"

ஹெட்டி அப்படிச் சொன்னதை மறந்தே போயிருந்தாள். இப்போது நன்றாக ஞாபகம் வந்தது. தன் குரல்கூடக் காதில் கேட்டது.

"அப்போ... எழுதுற பென் அட்டை?"

"நான் அதைப் பாத்ததே இல்ல."

ஹெட்டி படலில் சாய்ந்துகொண்டாள். கண்ணை மூடி ஒவ்வோர் அட்டையாக நினைத்துப் பார்த்தாள். கணவாய் அட்டையின் ஓரத்தில் மீன்காரரின் ஈரக் கட்டைவிரல் பதிந்திருக்கும். பெனால்டி அட்டையில் அல்ஃபியின் பேர், அதன்மேல் ஒரு துளிச் சேறு. பட்டி அட்டையில் ஐவியின் அப்பா. குன்று அட்டையில் தபால்காரர். அன்னத்துக்குத் திரு. சாகர்.

எழுதுகிற பென்? அதைச் சொன்னது யார்? எந்த இடத்தில்?

ஒரு பேரும் வரவில்லை. ஓர் இடமும் வரவில்லை.

வகுப்பில் அந்த வார்த்தை ஒரு நாளைக்கு நூறு தடவை காதில் விழுகிறது. அதையெல்லாம் யார் எழுதி வைப்பார்கள்? அன்னத்துக்காக மழையில் ஒரு மணி நேரம் நின்றவர்கள், கையில் பிடித்திருந்ததை விட்டுவிட்டார்கள்.

"அட்டை தொலையல," என்றாள் ஹெட்டி மெதுவாக. "நாம எழுதவே இல்ல."

ஐவி படலிலிருந்து இறங்கினாள். அட்டைக் கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்குச் சாப்பிடும்போது எம் பக்கத்துல யாரு உக்காருவாங்க?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் வீட்டுக்குள் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை, வருகைப் பதிவு முடிந்ததும் ஹெட்டி எழுந்து நின்றாள்.

"ஐவி எதையும் எடுக்கல," என்றாள். "எடுத்தான்னு நான்தான் சொன்னேன். அது தப்பு. அந்த அட்டையை நாங்க எழுதவே இல்ல. ரொம்பத் தெரிஞ்ச அர்த்தம், அதனால தோணவே இல்ல."

எங்கேயோ ஒரு பெட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அல்ஃபி தனக்குக் கிடைத்த 'பேங்க்' என்ற வார்த்தையின் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"மிஸ்," என்றான் அவன். "ஆத்தங்கரைக்குப் பேங்க்னு அட்டை இருக்கு. மேகக் கூட்டம் இருக்கு. ரத்த வங்கிகூட இருக்கு. பணம் போடுற பேங்க் மட்டும் இல்ல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடுத்த நிமிடம் வகுப்பு முழுக்கப் பெட்டிகள் திறக்கும் சத்தம். டக்வொர்த் டீச்சர் நாற்காலியில் சாய்ந்து, தன் கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்தார்.

அல்ஃபி எழுந்து போனான். தன் நாற்காலியை இழுத்து வந்து ஐவியின் மறுபக்கம் போட்டுக்கொண்டான். ஐவி அவனைப் பார்த்தாள். ஹெட்டியைப் பார்க்கவில்லை.

ஹெட்டி ஒரு வெற்று அட்டையை எடுத்தாள். வாக்கியம் யாரிடமிருந்து வேண்டுமானாலும் கிடைக்கும். இதோ, பின் வரிசையில் ரெண்டு பேர் அந்த வார்த்தையைச் சொல்லியாயிற்று. அவள் அதை எழுதவில்லை. காத்திருந்தாள். கணக்குப் பாடம் வந்தது. பாதியில் அவளுடைய பென்னில் மை தீர்ந்தது. உதறிப் பார்த்தாள். தாளில் கீறிப் பார்த்தாள்.

பக்கத்திலிருந்து நீல நிறமாக ஒன்று மேஜைமேல் உருண்டு வந்தது.

"என் பென்," என்றாள் ஐவி, முன்னால் பார்த்துக்கொண்டே. "திருப்பிக் குடுத்துடணும். போன தடவை மாதிரி மூடியக் கடிக்காதே."

ஹெட்டி பென்னைக் கையில் எடுத்தாள். கணக்கை எழுதவில்லை. வெற்று அட்டையையும் பென்னையும் ஐவியின் பக்கம் நகர்த்தினாள்.

"இப்போ சொன்னியே, அதை எழுது. நீயே எழுதணும். உன் எழுத்து இப்போ என் எழுத்தைவிட நேரா நிக்குது."

ஐவி கொஞ்ச நேரம் அட்டையைப் பார்த்தாள். அப்புறம் நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். சொன்னவர், ஐவி என்ட்விஸில். இடம், ஜன்னல் ஓரம், இரண்டாம் பெஞ்சு. எழுதியதும், கணக்கை முடிக்கப் பென்னை ஹெட்டியிடமே திரும்ப உருட்டிவிட்டாள். பின்பக்கத்துக்கு ஹெட்டி அகராதியைத் தூக்கி வந்தாள். லத்தீனில் 'பென்னா' என்றால் இறகு. ஒரு காலத்தில் இறகைச் சீவித்தான் எழுதினார்கள். நாம் பேனா என்கிறோமே, அதுவும் அதே இறகிலிருந்து, போர்ச்சுகீசியர்களோடு கடல் வழியாகத் தமிழுக்கு வந்ததுதான்.

வெள்ளிக்கிழமை சுவரில் ஆறு அட்டைகளும் வரிசையாக இருந்தன. ஐவியின் அம்மா குனிந்து ஆறாவது அட்டையை வாய்விட்டுப் படித்தார். "என் பென். திருப்பிக் குடுத்துடணும். போன தடவை மாதிரி மூடியக் கடிக்காதே." பிறகு நிமிர்ந்து, "யாரு எழுதினது? அழகா இருக்கே," என்றார்.

ஐவி ஹெட்டியின் முன்னால் உள்ளங்கையை நீட்டினாள்.

ஹெட்டி வாயிலிருந்த ஐவியின் நீலப் பென்னை எடுத்து, சட்டையில் துடைத்து, அந்தக் கையில் வைத்தாள்.