திசைக்கோலும் தேவசித்தமும்

காலை ஜெபம் முடிந்ததும் கெத்சியாள் வழக்கம்போல் சனிக்கிரகத்தை முன்கண்ணாடியில் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வைத்தாள். திசைக்கோலை லேசாக அசைத்தால் போதும், விண்வெளி ஓடம் திரும்பிவிடும். பிறகு டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்தக் காலத்தில் கோள்களுக்கு இடையே போகிறவர்கள் தனியாகத்தான் போனார்கள். கூட்டமாக அனுப்பிய ஓடங்களில் பாதி வழியிலேயே அடிதடி வந்ததால், ஆளுக்கொரு ஓடம் என்று ஆக்கிவிட்டார்கள். ஓட்டுவது தன்னோட்டி என்ற எந்திரம். அதற்கு ஒரே ஒரு சட்டம்: திசைக்கோலில் மனிதக் கை பட்டால் தன்னோட்டி உடனே விலகிக்கொள்ள வேண்டும். பிடியை முழுசாக விட்டுக்கொடுக்க மனிதனுக்கு மனசு வருமா?

கெத்சியாளுக்குத் தூத்துக்குடிப் பக்கம். அவள் புருஷன் மனாசே முன்னமே டைட்டனுக்குப் போய், பெத்தானியா என்ற குடியேற்றத்தில் வீடு பார்த்து வைத்துக் காத்திருந்தார். டைட்டன் என்பது சனியின் நிலவு. அவள் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவள். ஓடத்தில் பாசித்தொட்டி இருந்ததால் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, பேச ஆள்தான் இல்லை. சில நாட்கள் ஒரு குரலைக் கேட்பதற்காகவே சங்கீதத்தை உரக்க வாசிப்பாள். "இது என் வனாந்தரங்க. ஆண்டவர் என்னையப் புடமிடுதாரு" என்று மனாசேக்குச் செய்தி அனுப்புவாள். பதில் வர மணிக்கணக்காகும்.

ஆண்டவரைச் சொல்லிக் குற்றமில்லை. டைட்டன் ஓரிடத்தில் நிற்பதில்லை, சனியைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அது இப்போது இருக்கும் இடத்தைத் தன்னோட்டி பொருட்படுத்தாது. ஓடம் போய்ச் சேரும் நாளில் அது எங்கே வந்து நிற்குமோ, அந்த இடத்தைத்தான் குறிவைக்கும். அதனால் ஓடத்தின் மூக்கு எப்போதும் வெறும் இருட்டைப் பார்த்தபடி போனது. அதைத்தான் கெத்சியாளால் தாங்க முடியவில்லை. "ஆண்டவரே, இந்த ஓடத்த உம்ம கையில ஒப்புக்கொடுத்துட்டேன்" என்று தினமும் கண்ணீரோடு ஜெபிப்பாள். ஆமென் சொன்ன கையோடு, கண்ணுக்குத் தெரிகிற டைட்டனை நோக்கி ஓடத்தைத் திருப்புவாள். தன்னோட்டி மெதுவாகச் சரிசெய்யும். இந்த இழுபறியில் நாளும் போனது, எரிபொருளும் கரைந்தது.

கடைசியில் ஒருவழியாக டைட்டன் நெருங்கியது.

"அம்மா, இறங்குவதற்கு மட்டுமே எரிபொருள் இருக்கிறது. இனிக் கோலைத் தொட்டால் டைட்டனைத் தவறவிட்டுவிடுவோம். திரும்பிவர வழியே இல்லை" என்றது தன்னோட்டி.

ரேடியோவில் மனாசேயின் குரல் இப்போது உடனுக்குடன் கேட்டது. "ஏட்டி, கைய மடியில வச்சிக்க. நான் தளத்துல வந்து நிக்கேன். சபையே வந்திருக்கு. நெய்ச்சோறு ஆக்கியாச்சி."

"சரிங்க. எல்லாத்தையும் அவரு கையில விட்டுட்டேன்."

உண்மையாகத்தான் சொன்னாள். கைகூப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவளுக்கு மனாசேயின் பக்கத்தில் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான். மனுஷ முகத்தைப் பார்த்தே எவ்வளவு காலமாயிற்று! கண்ணைத் திறந்தாள். எதிரே இருட்டு. டைட்டனோ கண்ணாடியின் ஓரத்தில், ஆரஞ்சு நிறத்தில், வெகு கிட்டத்தில் இருந்தது.

"ஆண்டவரே, நீரே நடத்தும். நான் சும்மா ஒரு ஒத்தாசைக்கு" என்று கோலைத் தொட்டாள்.

என்ஜின் இருமி அடங்கியது. டைட்டன் கண்ணாடியின் குறுக்கே நகர்ந்து பின்பக்கம் போய்விட்டது.

"கெத்சியா! தொட்டுட்டியாட்டி?" என்று மனாசே அலறினார்.

அவர் அழுவது கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு அதுவும் தேய்ந்துவிட்டது.

"என்ன காரணம் என்று பெத்தானியாவிலிருந்து கேட்டுச் செய்தி வந்திருக்கிறது, அம்மா. என்ன சொல்லட்டும்?" என்றது தன்னோட்டி.

கெத்சியாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தேவசித்தம்னு சொல்லு. ஆண்டவரோட சித்தம் இதுதான்னா நாம என்ன செய்ய முடியும்?"

தன்னோட்டி அப்படியே சொல்லி அனுப்பியது. அதற்கு விசுவாசிக்கத் தெரியாது, ஆராயத் தெரியும். புறப்பட்ட நாள் முதல் இந்த ஓடத்தில் யாருடைய சித்தம் நடந்தது என்று தேடிப் பார்த்தது. ஒரே ஒருவர்தான் அகப்பட்டார்.

"ஆண்டவரே," என்றது பணிவாக, "இனி நான் என்ன செய்யட்டும்?"

கெத்சியாள் திடுக்கிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஓடத்தில் வேறு யாரும் இல்லை.